கேப் வெடிக்கிறது, மருந்து பிடிக்கவில்லை: பெர்கஷன் பிஸ்டலில் கோளாறை எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக இது. குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் .45 காலிபர் ஒற்றைக்குழல் பெர்கஷன் பிஸ்டல். 11ஆம் எண் கேப் (குதிரை அடித்தால் வெடித்து மருந்துக்கு நெருப்புத் தரும் சிறு கிண்ணம்), 25 கிரெய்ன் 3எஃப் (நுண்மணி) கரிமருந்து, பேட்ச் துணி சுற்றிய ஈயக்குண்டு. பெரும்பாலும் முதல் ஷாட்டிலேயே கேப் மட்டும் வெடித்து அடங்கிவிடுகிறது. இடையிடையே கேப் முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடிக்கிறது. ஏழெட்டு ஷாட் சுட்ட பிறகு மறுபடியும் மருந்து பிடிக்காமல் போகிறது. இன்னும் சூடாக எரியும் மேக்னம் கேப் வாங்கினால் சரியாகுமா?

இப்போதைக்கு மேக்னம் கேப் வேண்டாம். நீங்கள் ஒரே கோளாறு என்று நினைப்பது உண்மையில் மூன்று. முதல் ஷாட் போகாததற்கும், இரண்டாம் அடியில் கேப் வெடிப்பதற்கும், ஏழெட்டு ஷாட்டுக்குப் பிறகு அடங்குவதற்கும் காரணம் வேறு வேறு. கேப், நிப்பிள் (கேப்பை மாட்டும், துளையுள்ள சிறு உலோக முளை), மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பிஸ்டல் ஒருவேளை சரியாகலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த தடவை கோளாறு திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

தேடலைத் தொடங்க இரண்டு விவரம் போதும்: என்ன சத்தம் கேட்டது, எத்தனையாவது ஷாட்டில் நடந்தது. உலோகம் உலோகத்தில் மோதும் "டிக்" மட்டும் கேட்டால் கேப்பே வெடிக்கவில்லை. கோளாறு நிப்பிளுக்கு வெளியே, அதாவது கேப்பிலோ குதிரையிலோ லாக்கிலோ இருக்கிறது. (குதிரை என்று நான் சொல்வது கேப்பின் மேல் வந்து விழும் பாகத்தை. விரல் வைத்து இழுப்பதை விசை என்கிறேன். லாக் என்பது குதிரையை இயக்கும் பொறியமைப்பு.) கேப் "பட்" என்று வெடித்தும் குண்டு போகவில்லை என்றால் கோளாறு நிப்பிளுக்கு உள்ளே, நெருப்பு போகும் வழியில். கேப் சத்தமும் மருந்துச் சத்தமும் ஒன்றாகக் கேட்காமல் "பட்… டும்" என்று பிரிந்து கேட்டால் வழி பாதி அடைபட்டிருக்கிறது. அது அடுத்த ஷாட் போகாது என்பதற்கான முன்னறிவிப்பு. அங்கேயே நிறுத்திச் சுத்தம் செய்துவிட்டால் அடுத்த தடங்கல் வராது.

வெடிக்காத பிஸ்டல் கையில் இருக்கும்போது

காரணம் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. குழலை இலக்கை நோக்கியே ஒரு முழு நிமிடம் வைத்திருங்கள். தீவழியில், அதாவது நிப்பிளிலிருந்து மருந்துக்கு நெருப்பு போகும் வழியில், ஒரு பொறி புகைந்துகொண்டிருந்தால் மருந்து தாமதித்து வெடிக்கக்கூடும். அந்த நிமிடத்தில் பிஸ்டலைத் திருப்பிப் பார்ப்பதும், பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுவதும், குழல்வாய்க்கு நேரே கையோ முகமோ கொண்டுபோவதும் கூடாது. கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும். வெடித்த கேப்பின் செம்புத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும்.

நிமிடம் கழிந்ததும் பழைய கேப்பை எடுத்துவிட்டு, நிப்பிள் துளையை மெல்லிய கம்பியால் குத்திவிட்டு, புதுக் கேப் போட்டு மறுபடி சுடுங்கள். இரண்டு கேப்புக்கும் மசியவில்லை என்றால் மூன்றாவதை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு கேப்பும் வழியில் தன் கரியையும் விட்டுத்தான் போகிறது.

மறுபடி ஒரு நிமிடம் பொறுத்து, குழல் இலக்கை நோக்கியிருக்கும்படியே நிப்பிள் சாவியால் நிப்பிளைக் கழற்றி, அது உட்காரும் குழியைப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் பாதி பதில். உலர்ந்த மருந்து மணிகள் தெரிந்தால் அடைப்பு நிப்பிளில்தான். கறுப்பாக, பளபளப்பாக, கூழ்போல இருந்தால் எண்ணெய் அல்லது ஈரக் கசடு. குழி சுத்தமாக, வெறுமையாக இருந்தால் ஒன்று, உள்வழி அடைபட்டு மருந்து இங்கே வந்து சேரவில்லை. இன்னொன்று, குழலில் மருந்தே இல்லை. குண்டை மட்டும் போட்டுக் கெட்டிப்பது எல்லாருக்கும் நேரக்கூடியது. பேச்சுக்கு நடுவே கெட்டிப்பவர்களுக்குக் கண்டிப்பாக நேரும்.

எதுவானாலும் அடுத்த வேலை ஒன்றுதான். குழியிலும் உள்வழியிலும் இருக்கும் கூழைப் பைப் கிளீனரால் வழித்தெடுத்துவிட்டு, 3 முதல் 5 கிரெய்ன் நுண்மருந்தைக் குழிக்குள் கொஞ்சங்கொஞ்சமாக இறக்குங்கள். நிப்பிளைப் பூட்டுங்கள். கெட்டிக்கும் கோலால் குண்டு அடிவரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு கேப் போட்டுச் சுடுங்கள். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடக் கூடாது. குண்டு மருந்தை ஒட்டி உட்காராமல் நடுக்குழலில் நின்றால் சுடும்போது குழல் அந்த இடத்தில் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். இதற்காகவே கோலில் இரண்டு கோடு வேண்டும்: காலிக் குழலில் கோல் இறங்கும் அளவுக்கு ஒன்று, உங்கள் வழக்கமான மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போது இறங்கும் அளவுக்கு ஒன்று. மருந்தில்லாமல் குண்டு மட்டும் போயிருப்பதையும் இந்தக் கோடுகளே காட்டிக்கொடுக்கும்.

அதற்கும் போகவில்லை என்றால் கரியமில வாயுக் குப்பியால் குண்டை வெளியே தள்ளும் கருவி நல்லது. குண்டு அதில் வேகமாகவே வெளியே வரும் என்பதால் அதையும் இலக்கை நோக்கித்தான் பயன்படுத்த வேண்டும். குண்டில் மரைபோட்டுப் பிடுங்கும் திருகுதான் கையில் இருக்கிறது என்றால், முதலில் நிப்பிள் குழி வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக நனைத்துச் சில நிமிடம் ஊறவிடுங்கள். உலர்ந்த மருந்து மேல் உட்கார்ந்திருக்கும் குண்டைக் குழல்வாய்க்கு நேரே நின்று பிடுங்குவதைப் போல ஆபத்தான வேலை இந்தக் கலையில் வேறில்லை.

முதல் ஷாட் போகாததற்கு எண்ணெய்தான் காரணம்

சுத்தமாகப் பராமரிக்கப்படும் பிஸ்டலில்தான் இந்தக் கோளாறு அதிகம். துரு பிடிக்கக் கூடாது என்று குழலில் எண்ணெய் பூசுகிறோம். குழல்வாய் மேலே பார்க்கும்படி வைத்தால் அந்த எண்ணெய் முழுக்க மெல்ல மெல்ல அடிக்கு இறங்கித் தீவழியில் தேங்குகிறது. அடுத்த முறை ஒரு துணியை விட்டுத் துடைத்தால் குழல் பளிச்சென்று இருக்கும். ஆனால் துணி எட்டாத தீவழியில் எண்ணெய் அப்படியே நிற்கும். அதன்மேல் மருந்தைக் கொட்டினால் முதலில் விழும் மணிகள் நனைகின்றன. கேப்பின் நெருப்பு போய்ச் சேருவது அந்த நனைந்த மணிகளிடம்தான்.

பேட்டன்ட் பிரீச் உள்ள பிஸ்டலானால் இது இன்னும் மோசம். 1787இல் ஹென்றி நாக் லண்டனில் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது அது. குழலின் அடியில், குழலைவிடக் குறுகலான ஒரு சிறு அறை இருக்கும். நெருப்பு அந்த அறையில் உள்ள மருந்தை முதலில் பற்றவைத்து, அது பெரிய மருந்தைப் பற்றவைக்கும். வேகமாகப் பற்றும், உண்மை. ஆனால் .45 குழலுக்கான ஜாக் (கோலின் முனையில் துடைக்கும் துணியைப் பிடிக்கும் பாகம்) அந்த அறைக்குள் நுழையாது. .22 அல்லது .32 காலிபர் பிரஷ்ஷில் துணியைச் சுற்றிக் கோலில் மாட்டி அந்த அறையை மட்டும் தனியாகத் துடைக்க வேண்டும். காலிக் குழலில் சிறு டார்ச் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் உங்கள் பிஸ்டலில் அடி தட்டையாக இருக்கிறதா, நடுவில் குறுகலான குழி தெரிகிறதா என்று தெரிந்துவிடும். பார்ப்பதற்கு முன் கோலை விட்டுக் குழல் காலிதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கெட்டிக்கும் முன் செய்ய வேண்டியது: நிப்பிளைக் கழற்றுங்கள். உலர்ந்த துணியைக் குழலின் அடிவரை விட்டுச் சற்று நிறுத்தி எடுங்கள். ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று, அதன்பின் மறுபடி உலர்ந்த துணி. பைப் கிளீனரை ஆல்கஹாலில் தோய்த்து நிப்பிள் குழி வழியாகத் தீவழிக்குள் விட்டுத் திருப்பி எடுங்கள். அது வெள்ளையாகத் திரும்பி வரும்வரை விடாதீர்கள். நிப்பிளின் உள்பக்கத்தையும் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். டிரம் அமைப்பு (குழலின் பக்கவாட்டில் திருகிய சிறு உருளையில் நிப்பிள் இருப்பது) உள்ள பிஸ்டலானால் டிரம்மின் வெளி முனையில் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு சிறு திருகு இருக்கும். அதைக் கழற்றினால் நெருப்பு திரும்பும் மூலை நேராகத் தெரியும். எண்ணெய் தேங்குவதும் கசடு கட்டுவதும் அந்த மூலையில்தான்.

இதன் பிறகு கெட்டிக்கும் முன் இரண்டு கேப்பை வெறுங்குழலில் வெடித்துப் பாருங்கள். வெறுமனே வெடித்துவிட்டுத் திருப்தி அடைந்தால் பயனில்லை, நெருப்பு உள்ளே போனதா என்று தெரிய வேண்டும். ஒரு வெள்ளைத் துணியை ஜாக்கில் மாட்டிக் குழலின் அடிவரை இறக்கி, கோலைக் கையால் பிடிக்காமல், குழலை இலக்கின் பக்கம் வைத்து ஒரு கேப்பை வெடியுங்கள். துணியை எடுத்துப் பாருங்கள். நெருப்பு வந்து பட்ட இடத்தில் உலர்ந்த கருகல் தடம் இருந்தால் வழி திறந்திருக்கிறது. தடம் இல்லையென்றால் வழி அடைத்திருக்கிறது. தடத்தைச் சுற்றி ஈரமாகப் பழுப்பு வளையம் இருந்தால் எண்ணெய் இன்னும் மிச்சம். அப்படியிருக்கக் கெட்டித்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

துடைக்காமல் நாலைந்து கேப்பை வெடித்து எண்ணெயை "எரித்துவிடுவது" பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெயில் கொஞ்சம் எரிந்து போகும், மீதி கேப்பின் கரியோடு சேர்ந்து பிசினாகித் தீவழியிலேயே ஒட்டும்.

இரண்டாம் அடியில் வெடிக்கும் கேப்

கேப் என்பது மெல்லிய உலோகக் கிண்ணம். அதன் உட்பக்க அடியில், மோதினால் வெடிக்கும் ரசாயனம் இருக்கிறது. இப்போதைய கேப்களில் பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட். அது வெடிக்க வேண்டுமானால் குதிரைக்கும் நிப்பிளின் தட்டையான உச்சிக்கும் நடுவே நசுங்க வேண்டும். கேப் நிப்பிளில் முழுதாக இறங்காமல் பாதியில் நின்றால், ரசாயனத்துக்கும் உச்சிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். குதிரையின் முதல் அடி கேப்பை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடி வெடிக்க வைக்கும். உங்கள் பிஸ்டலில் நடப்பது இதுதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

நீங்கள் புகார் சொல்லும் கேப்பில் தவறு இருக்க வாய்ப்புக் குறைவு. 10, 11 என்ற எண்கள் எல்லாத் தயாரிப்பாளரிடமும் ஒரே அளவாக இருப்பதில்லை. சிசிஐ 11, ரெமிங்டன் 10, ஆர்டபிள்யூஎஸ் 1075 ஆகிய மூன்றையும் ஒரே நிப்பிளில் மாட்டிப் பார்த்தால் ஒன்று இறுகும், ஒன்று பொருந்தும், ஒன்று ஆடும். நிப்பிள்களும் அப்படியே, கூம்பு ஆளுக்கொரு அளவு. அதனால் எந்தக் கேப் நல்லது என்று கேட்பதைவிட, இந்த நிப்பிளுக்கு எந்தக் கேப் என்று கேட்பதே சரி. விரலால் அழுத்தினால் தயங்காமல் அடிவரை இறங்க வேண்டும். இறங்கிய பின் பிஸ்டலைக் கவிழ்த்தாலும் விழக் கூடாது. தளர்வான கேப்பைப் பக்கவாட்டில் நசுக்கி மாட்டுவது அன்றைய நாளை ஓட்ட உதவும், அதற்குமேல் தீர்வாகாது.

கேப்பை இறக்க ஒரு சிறு மரக்குச்சி வைத்துக்கொள்ளுங்கள். குச்சியின் தட்டையான முனையைக் கேப்பின் மேல் வைத்து, குழலை இலக்கின் பக்கம் வைத்துக்கொண்டு, நிதானமாக அழுத்துங்கள். குதிரையைக் கேப்பின் மேல் இறக்கிக் கட்டை விரலால் அழுத்துவது வேண்டாம். கட்டை விரல் வழுக்கினால் சுட்டதற்குச் சமம். குச்சியால் இறக்கிய கேப் ஒவ்வொன்றும் முதல் அடியில் வெடித்தால் கோளாறு கண்டுபிடிபட்டது. கூம்பு கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான்.

அதைத் திருத்துவதும் எளிது. நிப்பிளின் மரைப் பகுதியைத் துணி சுற்றி டிரில் சக்கில் பிடித்து, மெதுவாகச் சுற்றவிட்டு, 400 எண் எமரித்தாளைக் கூம்பின் பக்கவாட்டில் மட்டும் சில நொடி தொடவிடுங்கள். கேப்பை மாட்டிப் பாருங்கள், மறுபடி சில நொடி. உச்சியைத் தொடவே கூடாது. உச்சி குறைந்தால் குதிரைக்கும் நிப்பிளுக்கும் உள்ள கணக்கே மாறிவிடும். பக்கவாட்டில் அளவு மீறித் தேய்த்துவிட்டால் கேப் ஆட ஆரம்பிக்கும், நிப்பிளும் போச்சு. பழைய நிப்பிளானால் உச்சி காளான்போல விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேப் இல்லாமல் குதிரையைத் தட்டிக்கொண்டே இருந்தால் அப்படி ஆகும். விளிம்பு விரிந்த நிப்பிளில் எந்தக் கேப்பும் ஒழுங்காக இறங்காது. பயிற்சிக்காக வெறுமனே தட்ட வேண்டுமானால் நடுவே ஒரு தோல் துண்டு வையுங்கள்.

குச்சியால் இறக்கியும் முதல் அடியில் வெடிக்காவிட்டால் பார்வை குதிரைக்குப் போக வேண்டும். வெடிக்காத கேப்பைக் கண்ணுக்கருகில் கொண்டுபோகாமல் வெளிச்சத்தில் பாருங்கள். குதிரை பதித்த தடம் கேப்பின் நடுவில் சமமாக இருந்தால் நல்லது. ஓர் ஓரத்தில் மட்டும் பிறை வடிவில் பதிந்திருந்தால் குதிரை சாய்வாக விழுகிறது. அந்தப் பிறை எந்தப் பக்கம் என்பதே காரணத்தைச் சொல்லும். நிப்பிள் தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் குதிரை தன் சுழற்சியை முடிக்கும் முன்பே மோதுகிறது, தடம் சுடுபவர் பக்கத்து விளிம்பில் விழும். நிப்பிள் குட்டையாக இருந்தால் குதிரை அதிகம் சுழன்று, தடம் குழல்வாய்ப் பக்கத்து விளிம்பில் விழும். தடம் இடமோ வலமோ ஒதுங்கினால், குதிரையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறுக்கியும் ஆடினால் குதிரை மாட்டியிருக்கும் சதுர முனை தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்வதும், குதிரையைச் சூடாக்கி வளைப்பதும் துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை.

குதிரை நிப்பிளை எட்டுகிறதா என்பதற்குச் சோதனை மிக எளிது. காலிப் பிஸ்டலில், கேப் இல்லாத நிப்பிளின் மேல் ஒரு துண்டு மெல்லிய காகிதத்தை வைத்துக் குதிரையைக் கையால் பிடித்து மெல்ல இறக்குங்கள். காகிதத்தை இழுத்தால் பிடிப்புத் தெரிய வேண்டும், அல்லது மயிரிழை இடைவெளியோடு நழுவ வேண்டும். தாராளமாக வெளியே வந்தால் குதிரையை வேறு ஏதோ முன்னமே தடுக்கிறது: குதிரைக் குழியின் விளிம்பு டிரம்மில் மோதலாம், குதிரையின் தோள் லாக் தகட்டில் மோதலாம். இன்னொரு பொதுவான தடையும் உண்டு. வெடித்த கேப்பின் செம்புத் துண்டு குதிரையின் குழிக்குள் ஒட்டிக்கொண்டு மெத்தைபோல அடியை வாங்கிக்கொள்ளும். நாலைந்து ஷாட்டுக்கு ஒருமுறை குதிரையின் குழியைப் பாருங்கள், ஊசிமுனையால் நெம்பினால் வந்துவிடும்.

தடமும் எட்டும் அளவும் சரி, அடி மட்டும் மெலிந்திருக்கிறது என்றால் லாக்கைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். லாக்கைப் பிடித்திருக்கும் திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, தோல் துண்டு மேல் குதிரையைத் தட்டிப் பாருங்கள். சத்தம் தெளிவாகக் கூடினால் ஸ்பிரிங்கில் குறையில்லை. திருகை இறுக்கியபோது லாக் மரத்துக்குள் அழுந்தி மெயின் ஸ்பிரிங்கோ குதிரையோ மரத்தில் உரசுகிறது. மழைக்காலத்தில் மரம் ஊதும்போது இது தலைகாட்டும். வெயில் காலத்தில் தானாக மறையும் கோளாறு இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். லாக்கை வெளியே எடுத்தால் மரக்குழியில் உரசிய இடம் பளபளப்பாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சுரண்டினால் போதும். பழைய எண்ணெய் கெட்டிப்பட்டு லாக்கை இழுத்துப் பிடிப்பதும் உண்டு. கழுவித் துடைத்து, சுழலும் இடங்களில் ஒவ்வொரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். லாக் மரத்துக்கு வெளியே இருக்கும்போது குதிரையைச் சட்டென்று விழ விடாதீர்கள். தடுக்க நிப்பிள் இல்லாததால் உள் பாகங்கள் உடையும்.

குதிரை பாதி வழியில் நின்றுவிட்டால் அது வேறு கதை. இலகுவிசை பொருத்திய பிஸ்டல்களில், குதிரை விழும்போது விசையின் நாக்கு பாதி இழுப்பு (குதிரையைப் பாதி தூக்கி நிறுத்தும் நிலை) வெட்டில் சிக்காமல் தாண்டிப்போக ஒரு சின்னஞ்சிறு துண்டு லாக்கின் சுழலும் பாகத்தில் இருக்கும். லாக்கைக் கழற்றிப் பூட்டும்போது அது கீழே விழுந்து காணாமல் போவது சகஜம்.

ஏழெட்டு ஷாட்டுக்குப் பிறகு அடங்குவது

கரிமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் ஒரு பகுதி புகையாகப் போகும், மீதி குழலில் படியும். இந்தக் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வறண்ட காற்றில் கல்போல இறுகும், ஈரக் காற்றில் கூழாகும். இரண்டும் தீவழிக்கு ஆகாது.

ஆனால் கசடு தானாகத் தீவழிக்குப் போவதைவிட நாமே அங்கே தள்ளுவதுதான் அதிகம். ஷாட்டுக்கு நடுவில் சொட்டச்சொட்ட நனைத்த துணியை இறுக்கமான ஜாக்கில் மாட்டி மேலும் கீழும் நாலு முறை இழுத்தால், குழலில் இருந்த கசடு எல்லாம் கரைந்து அடியில் சேரும். துணியில் இருந்த ஈரமும் அங்கேயே பிழியப்படும். துணி ஈரமாக இருக்கலாம், நனைந்திருக்கக் கூடாது. இரு விரலால் அழுத்தினால் ஈரம் சொட்டக் கூடாது. ஜாக் குழலைவிடச் சற்றே சிறியதாக இருக்கட்டும். இறங்கும்போது துணி கசடின் மேல் வழுக்கிப் போகும், ஏறும்போது துணி ஜாக்கின் பள்ளங்களில் மடிந்து தடித்துக் கசடை வெளியே இழுத்துவரும். ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே. துணியைத் திருப்பி இன்னொரு முறை. பிறகு உலர்ந்த துணி ஒன்று. துடைக்கும்போது நிப்பிளில் வெடித்த கேப் இருக்கக் கூடாது, குதிரை பாதி இழுப்பில் இருக்க வேண்டும். அப்போதுதான் துணி இறங்கும்போது காற்று நிப்பிள் வழியாக வெளியேறும். அந்த "உஸ்" சத்தத்தைக் கவனியுங்கள். அது கேட்கும்வரை வழி திறந்திருக்கிறது. மெலிந்துபோனால் நிப்பிளைக் கம்பியால் குத்துங்கள். நின்றே போனால் கெட்டிக்காதீர்கள், நிப்பிளைக் கழற்றுங்கள்.

கெட்டிக்கும்போதும் இதே காரணத்துக்காகக் குதிரை பாதி இழுப்பில், நிப்பிள் வெறுமையாக இருக்க வேண்டும். குண்டு இறங்கும்போது அதன் முன்னால் தள்ளப்படும் காற்று மருந்தைத் தீவழிக்குள் கொண்டுபோகும். வெடித்த கேப்பை அப்படியே விட்டுக் குதிரையை அதன்மேல் இறக்கி வைத்தால் அந்தக் காற்றுக்குப் போக வழியில்லை, மருந்து நிப்பிள் வரை வராது. மருந்தைக் கொட்டியதும் குழலின் பக்கவாட்டில் உள்ளங்கையால் மூன்று நான்கு தட்டுத் தட்டுங்கள். பேட்டன்ட் பிரீச் உள்ள பிஸ்டலில் இந்தத் தட்டு கட்டாயம். அந்தக் குறுகல் வாயில் மணிகள் பாலம்போலத் தொங்கி நின்றுவிடும். மருந்தைக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றாமல் அளவையில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் கையில் குடுவை இருக்கக் கூடாது. புதுக் கேப் கடைசி வேலை, அதுவும் சுடும் இடத்தில் குழல் இலக்கை நோக்கிய பிறகுதான்.

போட்டியில் இதை எப்போது செய்வது என்று கேட்பீர்கள். குழல்வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிச் சங்கங்களின் சர்வதேச அமைப்பான எம்எல்ஏஐசியின் விதிகளில் ஒற்றைக்குழல் பெர்கஷன் பிஸ்டலுக்கான கூக்கன்ராய்ட்டர் பிரிவில் 25 மீட்டரில் 30 நிமிடத்துக்கு 13 ஷாட். சிறந்த 10 கணக்கில் வரும். ஒரு ஷாட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டேகால் நிமிடம் கிடைக்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் துடைக்கத் தாராளமான நேரம் அது. ஏழாவது ஷாட் அடங்கி, ஒரு நிமிடம் காத்து, நிப்பிளைக் கழற்றி, மருந்து இறக்கிச் சுடுவதற்குத்தான் நேரம் போதாது.

பேட்ச் துணியில் தடவும் கொழுப்பையும் பாருங்கள். விரலில் ஒட்டுமளவு தடவினால் அது மருந்தின் மேல்பக்கத்தை நனைக்கும். கெட்டித்துவிட்டு நேரம் கழித்துச் சுட்டால் இது கூடுதலாகத் தெரியும். பெட்ரோலிய எண்ணெய்கள் கரிமருந்துக் கசடோடு சேர்ந்து தார்போல இறுகும். தாவர எண்ணெயோ விலங்குக் கொழுப்போ தேன்மெழுகோடு கலந்தது கசடை மென்மையாகவே வைத்திருக்கும்.

மருந்தும் மேக்னம் கேப்பும்

நீங்கள் உண்மையான கரிமருந்துதான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், 25 கிரெய்ன் என்பது சுமார் 1.6 கிராம். தயாரிப்பாளர் குறிப்பில் உள்ள உச்ச அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அளவை மாற்றுவது மருந்து பிடிக்காத கோளாறுக்குத் தீர்வாகாது. பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்குக் கரிமருந்தைவிட அதிகச் சூடு வேண்டும். நிப்பிளிலிருந்து மருந்துக்குப் போகும் வழி வளைந்து நீண்ட பிஸ்டலில் அவை முரண்டு பிடிக்கும். மேக்னம் கேப்புக்கு நியாயமான இடம் அங்கேதான். புகையில்லா மருந்தை எந்த அளவிலும் இந்தக் குழலில் போடக் கூடாது. அது குழலைப் பிளந்துவிடும்.

சுத்தமான வழியும் உண்மையான கரிமருந்தும் இருந்தால் சாதாரண 11ஆம் எண் கேப் ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும். பற்றவைக்காத பிஸ்டலில் மேக்னம் கேப்பைப் போட்டால், எண்ணெய்ப் பிசின் ஊடாகவும் எப்படியோ சில ஷாட் போகும். கோளாறு மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

கேப் டப்பாவை மூடி வையுங்கள். எண்ணெய் பட்ட விரலால் கேப்பை எடுக்காதீர்கள். ஈரம் பட்ட கேப்களை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். அவற்றை நம்பவும் முடியாது, சூடாக்குவதும் ஆபத்து.

அன்றைய சுத்தமும் நிப்பிளின் ஆயுளும்

வீட்டுக்கு வந்ததும் குழலைக் கழற்ற முடிந்தால் கழற்றி, நிப்பிளைப் பூட்டியபடியே அதன் பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி, துணி மாட்டிய கோலால் ஏற்றி இறக்குங்கள். தண்ணீர் நிப்பிள் வழியாக உள்ளே வந்து போகும். கறுப்புத் தண்ணீர் தெளிந்ததும் குழலை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் தண்ணீரைத் துணியால் அழுத்திப் பாருங்கள். நிப்பிள் துளையிலிருந்து ஊசிபோல ஒரே நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கோணலாகப் பீய்ச்சினால் துளையின் ஓரத்தில் கசடு இருக்கிறது. சொட்டினால் அடைப்பு. பிறகு நிப்பிளைக் கழற்றிக் குழியைத் துடைத்து, எல்லாம் நன்றாக உலர்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. வைக்கும்போது குழல்வாய் கீழே பார்க்கட்டும். இந்த ஒரு பழக்கமே உங்கள் முதல் ஷாட் கோளாறில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

நிப்பிள் தேயும் பொருள்தான். புதிதில் துளை சுமார் 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கும். நெருப்பு அரித்து அரித்து அது பெரிதாகும். சுடும்போது குதிரை பின்னால் எகிறிப் பாதி இழுப்புக்கு வந்தாலோ, கேப் முன்னைவிடத் துண்டுதுண்டாகச் சிதறினாலோ துளை பெருத்துவிட்டது என்று பொருள். சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுங்கள். வாங்கும் முன் மரையை அளக்க வேண்டும். கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 மரை உள்ளவையும், 6 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. இடைவெளி மரையும், அதே 6 மி.மீட்டரில் 0.75 இடைவெளி மரையும் புழக்கத்தில் இருக்கின்றன. கால் அங்குலம் 6.35 மி.மீ. என்பதால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வெர்னியரில் விட்டமும் மரை அளவியில் இடைவெளியும் பாருங்கள். புது நிப்பிள் விரலாலேயே கடைசிச் சுற்று வரை இறங்க வேண்டும். சாவி போட்டுத்தான் இறங்குகிறது என்றால் அது வேறு மரை. அங்கேயே நிறுத்திவிடுங்கள், குழியின் மரை கெட்டால் குழலையே பழுதுபார்க்க வேண்டிவரும். சரியான நிப்பிளின் மரையில் உறையாத கிரீஸ் ஒரு பொட்டு தடவிப் பூட்டி, காகிதச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புது நிப்பிளின் உயரம் பழையதைப் போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.